பத்தடிச் சீர்

சங்குவலசைப் பேருந்து நிறுத்தத்தில் இருந்த உயரப்பலகை அன்று காலை நாற்பத்தைந்து அடி பத்தரை அங்குலம் என்று காட்டியது.

இன்னும் ஒன்றரை அங்குலம்தான். இரண்டு விரல். மறுநாள் விடியும்போது ஊர் ஏறி முடிந்திருக்கும்.

பலகைக்குக் கீழே நல்ல கூட்டம். மற்ற ஊர்க்காரர்கள் எழுந்ததும் பால் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். சங்குவலசைக்காரர்கள் பத்து மாதமாக, தங்கள் ஊர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாய் கொப்பளிக்கப் போனார்கள். கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரம் அது. ஏற ஆரம்பித்த நாளில் பலகை ஐந்தடி காட்டியது. பௌர்ணமி அலைக்கு அந்த ஐந்தடி போதாமல், அடுப்படி வரை உப்புத் தண்ணீர் வந்துகொண்டிருந்த காலம் அது.

ஊர் ஏறியதில் ஒரு சுவர் விரியவில்லை. தளும்ப நிரப்பி வைத்த குடத்திலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊருக்குள் இருந்தவர்களுக்குத் தாங்கள் ஏறுவதே தெரியவில்லை. கடல்தான் கீழே இறங்கிப் போவதுபோல் தெரிந்தது. கரையோரம் செங்குத்தாக வெட்டிய கேக்குபோல நின்றது. அதன் பக்கவாட்டில் மணல், களி, சிப்பி, மறுபடி மணல் என்று அடுக்கடுக்காகப் பழைய கடற்கரைகள். படகுத்துறைக்கு இறங்கப் படிக்கட்டு கட்டினார்கள். மாதம் ஏழு படி அடியில் சேர்த்துச் சேர்த்து, எழுபது படி ஆகியிருந்தது. மீன்கூடையோடு ஏறி வரும் பெண்கள் ஐம்பதாவது படியில் நின்று மூச்சு வாங்குவார்கள்.

"அந்த ஊசிக்காரி நல்லாயிருக்கணும்" என்பாள் ஒருத்தி.

"நல்லாத்தான் இருப்பா. கூடையத் தூக்கிக்கிட்டு அவளா ஏறுறா?" என்பாள் அடுத்தவள்.

ஊசிக்காரி என்றது பூமயிலை. நிலமடிப்பு நிலையத்தின் தலைவி, நாற்பத்தாறு வயது, இதே சங்குவலசையில் பிறந்தவள். கடல் வந்து கிணற்றைத் தின்ற வீட்டின் பெண். நிலத்தைத் தூக்குகிறேன் என்று அவள் முதன்முதலில் சொன்னபோது, தூக்குவதற்கு நிலம் என்ன சாக்கு மூட்டையா என்று சிரித்தவர்கள் உண்டு.

அவள் தூக்கவில்லை. அதுதான் அவள் கெட்டிக்காரத்தனம். நம் நாடு உட்கார்ந்திருக்கிற பாறைத்தட்டு, நகம் வளர்கிற வேகத்தில், வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகர்ந்துபோய் ஆசியாவின் தட்டில் முட்டி நிற்கிறது. முட்டிய பிறகும் தள்ளல் நிற்கவில்லை. ஒரு பாயைச் சுவரில் முட்டக் கொடுத்து இந்தப் பக்கமிருந்து தள்ளிப் பாருங்கள், முட்டிய இடத்தில் மடிந்து எழும்பும். அப்படி எழும்பிய மடிப்புத்தான் இமயம். கடலடியில் கிடந்த சிப்பியெல்லாம் அங்கே பனிக்குள் கிடப்பது அதனால்தான். பாயின் நடுவில் ஒரு கோட்டை மட்டும் இளக வைத்தால், மடிப்பு அந்தக் கோட்டிலும் எழும்பும் அல்லவா? பூமயில் அதைத்தான் செய்தாள். பனைமரப் பருமனில் இருபத்து நான்கு ஊசிகளைப் பூமிக்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் இறக்கி, அடிப்பாறையை ஒரு கோட்டில் சூடேற்றி இளக்கினாள். மடிப்பூசி என்று பெயர் வைத்தாள். மற்றதெல்லாம் தட்டின் வேலை. கோடிக்கணக்கான வருஷங்களாக மலை கட்டிக்கொண்டிருந்த தள்ளலில் ஒரு கைப்பிடியைத் தன் ஊர்ப் பக்கம் திருப்பிவிட்டாள், அவ்வளவுதான்.

அவளுக்குப் பெருமை இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? ஊர் பிழைத்ததே.

ஆனால் ஊரை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுவது என்று பேசிய நாளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

அந்த வட்டாரத்தில் ஏழு ஊர், ஏழு கண்மாய். வைகையிலிருந்து வரும் கால்வாய்த் தண்ணீர் முதலில் வன்னியேந்தல் கண்மாய்க்கு வரும். அது நிரம்பி வழிந்தால் இரண்டாவது ஊருக்கு. அது வழிந்தால் மூன்றாவதற்கு. இப்படி இருபத்து நான்கு கிலோமீட்டர் இறங்கி, கடைசியில் சங்குவலசைக்கு. கடைசி ஊருக்குத் தண்ணீர் வருவது பத்து வருஷத்தில் மூன்று வருஷம். வராத வருஷமெல்லாம் சங்குவலசைக்காரர்கள் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார்கள்: வன்னியேந்தல்காரன் மடைக்கதவை அடைத்துவிட்டான். சில வருஷம் அது உண்மை. பல வருஷம் மழையே இல்லை. ஆனாலும் கதவு கதவுதான். அந்தக் கோபத்தில் நாலு தலைமுறையாக வன்னியேந்தலில் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை.

ஏழு ஊர்க் கையெழுத்து இல்லாமல் ஊசியைச் சூடேற்றக் கூடாது என்பது சட்டம். அதனால் ஏழு ஊரும் நிலையத்தில் கூடியது. பூமயில் சுவரில் வரைபடத்தை விரித்தாள். வன்னியேந்தல் இருக்கிற இடத்திலேயே இருக்கும், நாற்பத்தாறு அடியில். சங்குவலசை ஐந்தடியிலிருந்து முப்பத்தாறடிக்கு ஏறும். நடுவிலுள்ள ஊர்கள் அதற்கேற்றபடி.

எழுந்து நின்றது வேறு யாருமில்லை. அவள் கூடப்பிறந்த அண்ணன் முத்திருளன். சங்குவலசைக் கண்மாய்ச் சங்கத் தலைவர். கடல்காற்று குடித்த தொண்டை. மெதுவாகப் பேசினாலே தெருக்கோடிக்குக் கேட்கும்.

"ஏத்தா மயிலு, அதென்ன முப்பத்தாறு? அவுகளுக்கு நாப்பத்தாறு, நமக்கு முப்பத்தாறா?"

"பத்தடி சரிவு வேணும்ணே. தண்ணி வரணும்ல."

"தண்ணி வராததுக்குக் காரணம் சரிவா, கதவா? கதவக் கழட்டச் சொல்லு. பூமியவே தூக்குறவ, எங்கள மட்டும் இன்னமும் அவனுக்குக் கீழ வைப்பியாக்கும்?"

வன்னியேந்தல் தலைவர் சாத்தையா நாற்காலியிலிருந்து அசையவில்லை. வெள்ளை மீசை, மடிப்புக் கலையாத துண்டு. "கதவத்தானே கேக்குறாக? கழட்டிக் குடுத்துர்றோம்" என்றார். "உசரமும் வேணும்னா ஏறிக்கட்டும். ஆனா எங்களவிட ஒரு வெரக்கட மேல போகக் கூடாது. போனா கையெழுத்து இல்ல."

"ஒரு வெரக்கட கீழயும் நிக்க மாட்டோம்" என்றார் முத்திருளன்.

நடுவிலிருந்த ஐந்து ஊரும் சும்மா இருக்குமா? அவரவரும் யாருக்கும் கீழே இருக்க முடியாது என்றார்கள். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது: ஏழு ஊரும் ஒரே மட்டம்.

பூமயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் நீரோட்டப் பொறியாளர் ஹமீதா. கீழக்கரைக்காரி. மெல்லக் குனிந்து, "மயிலக்கா, வேணாம்" என்றாள். "சரிவு இல்லாமத் தண்ணி எப்படி வரும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

பூமயிலுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எதிரில் நிற்பது அவள் ஊர். சின்னப் பெண்ணாக இருந்தபோது, வறண்ட கண்மாய்க் கரையில் நின்று மேற்கே பார்த்து அவள் அப்பா வைத வசவெல்லாம் அவள் காதில் இருந்தது. அவள் மனசும், யாருக்குத் தெரியப்போகிறது, அண்ணன் பக்கம்தான் இருந்தது. பேனாவை எடுத்தாள். சரிந்து இறங்கிய கோட்டை அடித்துவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே நேர்க்கோடாகப் போட்டாள்.

"கண்மாய்களுக்கு நடுவுல கால்வாய ஆழப்படுத்துனா சமாளிச்சுக்கலாம்" என்றாள் ஹமீதாவிடம்.

ஹமீதா தன் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அந்த நேர்க்கோடுதான், பலகையில் ஒன்றரை அங்குலம் மிச்சமிருந்த காலைக்கு மறுநாள் நிறைவேறியது. பலகை நாற்பத்தாறு காட்டியதும் சங்குவலசையில் வெடி வெடித்தார்கள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பலகையை வன்னியேந்தல் நம்பவில்லை.

"வானத்துல சுத்துற மெஷினு அளந்து சொல்லுது. அதுக்கு யாரு என்ன சொல்லிக் குடுத்தாகளோ" என்றார் சாத்தையா. "எங்களுக்குக் கொத்தனாரு டியூப்பு வச்சுப் பாத்தாத்தான் மட்டம்."

வீடு கட்டுகிறபோது கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக்குழாய் போன்ற டியூப், அது. இந்த முனையில் தண்ணீர் நிற்கிற உயரமும் அந்த முனையில் நிற்கிற உயரமும் ஒன்றாக இருக்கும்; சுவருக்குச் சுவர் மட்டம் பார்க்க அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் இருபத்து நான்கு கிலோமீட்டருக்கு யார் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள்? இவர்கள் பிடித்தார்கள். மதுரைக் கடைகளில் இருந்த டியூப்பையெல்லாம் வாங்கி ஒட்டி, ஏழு ஊர்க் கொத்தனார்களும் ரோட்டோரமாக இழுத்து, துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து நிரப்பினார்கள். உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகளைத் தட்டித் தட்டி வெளியேற்றவே நாலு நாள். நீலத்தண்ணீர் அசைந்து அடங்க இன்னும் மூன்று நாள். இரண்டு முனையிலும் கம்பம் நட்டு, தரையிலிருந்து ஒரே உயரத்தில் கோடு கிழித்திருந்தார்கள்.

எட்டாம் நாள் முத்திருளன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கம்பத்தோடு கண்ணை ஒட்டினார்.

"இங்க கோட்டுல நிக்குது. அங்கிட்டு?"

எதிர்முனையில் யாரோ டியூப்பைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு சாத்தையாவின் குரல் வந்தது. "இங்கயும் கோட்டுலதான்யா நிக்குது."

அப்படி ஒரு குலவைச் சத்தம் அந்த ஊரில் அதற்கு முன் எழுந்ததில்லை. முத்திருளன் தங்கையின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். பெரிய பெரிய ஆண்பிள்ளைகளெல்லாம் அழுதார்கள். நாலு தலைமுறையாகக் கீழே கிடந்தவர்கள் நிமிர்ந்து நின்ற நாள் அது. அந்தச் சந்தோஷத்தை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஹமீதா மட்டும் கம்பத்தருகே குனிந்து நீலத்தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகரவே இல்லையேக்கா" என்றாள்.

"அதுக்குத்தானே இவ்வளவு பாடும்" என்று சிரித்தாள் பூமயில்.

"ஆமா" என்றாள் ஹமீதா. "அதுக்குத்தான்."

ஐப்பசி வந்தது. மேற்கே நல்ல மழை. வைகைக் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள். சங்குவலசைக்காரர்கள் கண்மாயைச் சுத்தம் செய்து, கருவேலம் வெட்டி, வாய்க்கால் முகத்தில் மாவிலை கட்டிக் காத்திருந்தார்கள். ஒரு வாரம் ஆயிற்று. பத்து நாள் ஆயிற்று. மாவிலை சருகாயிற்று.

பதினோராம் நாள் பூமயிலின் போன் அடித்தது. சாத்தையா.

"ஆத்தா, கதவெல்லாம் கழட்டியாச்சு. நீயே வந்து பாரு. மடையெல்லாம் தொறந்து கெடக்கு. தண்ணி போக மாட்டேங்குது." அந்த மனிதரின் குரல் இப்படி நடுங்கி அவள் கேட்டதில்லை. "நான் நிறுத்தலத்தா. சத்தியமா நான் நிறுத்தல."

அவள் போய்ப் பார்த்தாள். வன்னியேந்தல் கண்மாய் நிரம்பி, கரையைத் தாண்டி, வயலெல்லாம் ஒரே தண்ணீர். நடவு முடிந்து இருபது நாள் ஆன நாற்று மூழ்கிக் கிடந்தது. ஆடுகளைக் கரைமேல் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். கதவில்லாத மடையின் ஓரம் உட்கார்ந்து ஒரு வேப்பிலையைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். அது கிழக்கே போகவில்லை. மேற்கேயும் போகவில்லை. காற்றுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டு, போட்ட இடத்திலேயே கிடந்தது.

பள்ளம் என்று ஒன்று இல்லாத பூமியில் தண்ணீர் எங்கே போகும்?

சங்குவலசையில் முத்திருளன் இதை நம்பவில்லை. "கதவக் கழட்டிட்டு அடியில கல்ல அடுக்கியிருப்பான். அவனத் தெரியாதா எனக்கு?" என்று வேட்டியை மடித்துக்கட்டிக் கால்வாயில் இறங்கினார். காய்ந்த தரையிலும், சேற்றிலும், பிறகு இடுப்பளவுத் தண்ணீரிலுமாக ஏழு ஊர்க் கால்வாயையும் காலாலேயே துழாவினார். மூன்று நாள். கடைசியில் யாருடையதோ ஒரு ரப்பர்ச் செருப்பு மட்டும் கிடைத்தது. கல் இல்லை.

நாலாம் நாள் பூமயில் ஊரைக் கூட்டினாள். கண்மாய்க்குள்ளேயே கூடினார்கள், தரை வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது, உட்கார வசதியாகத்தான் இருந்தது.

"கல்லு இல்லண்ணே" என்றாள். "தண்ணிய அடச்சது நாந்தான். பத்தடி சரிவு போட்டிருந்தேன். நீங்க கேட்டீக, எனக்கும் ஆசையா இருந்துச்சு, அடிச்சுட்டேன். தெரியாமச் செய்யல. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

ஒருவர், "சரி, திரும்ப எங்கள எறக்கிரு தாயி" என்றார்.

"ஏறுன பாறைய எறக்க முடியாதுய்யா. அடியில தட்டு தள்ளிக்கிட்டே இருக்கு. ஏத்தத்தான் முடியும்."

"அப்ப?"

"வன்னியேந்தல ஏத்தணும். பத்தடி. நடுவுல உள்ள ஊரெல்லாம் அதுக்கேத்தபடி."

முன்வரிசையில் நாலு பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"இன்னொண்ணும் சொல்லிர்றேன்" என்றாள் பூமயில். "தைக் கடைசிக்குள்ள சூடேத்தலேன்னா ஊசி பாறையோட பாறையா இறுகிப் போகும். அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல. இங்க காய்ச்சல், அங்க பாய்ச்சல்."

ஏழு கையெழுத்து வேண்டும். அதில் ஐந்து ஊர் ஒரு வாரத்தில் போட்டுவிட்டது. பட்டது போதும் என்று இருந்தது அவர்களுக்கு. மிச்சம் இரண்டு. அந்த இரண்டு பேருக்கும் அது வேண்டும். அதைக் கேட்கத்தான் இரண்டு பேராலும் முடியவில்லை.

"பயிரு அழுகுறது அவனுக்கு. ஏத்திவிடுங்கன்னு அவன் கேக்கட்டும், யோசிப்போம்" என்றார் முத்திருளன்.

"நாங்க உசரம் கேக்கவே இல்ல. கதவப் பிடுங்கிட்டுப் போனாக. இப்ப தண்ணி வேணும்னா அவுக வாயத் தொறந்து கேக்கட்டும்" என்று சொல்லியனுப்பினார் சாத்தையா.

கார்த்திகை போயிற்று. மார்கழி போயிற்று. ஒரு பக்கம் நாற்று அழுகி நாறியது. மறுபக்கம் குடிதண்ணீர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. நிலையத்தில் ஊசியின் சூட்டுமானி நாளுக்கு நாள் இறங்குவதைப் பூமயில் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூமியின் தட்டையே திருப்பிவிட்டவளுக்கு இரண்டு கிழவர்களின் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

தை பிறந்து பத்து நாள் கழிந்து, ஒரு மத்தியானம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். முத்திருளன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். குடிக்கத் தண்ணீரைச் செம்பில் அளந்துதான் வைத்திருந்தாள் அண்ணி. அவர் அதைப் பாதி குடித்துவிட்டு, மீதியைத் தங்கை பக்கம் தள்ளினார்.

"இன்னும் எத்தன நாளு?"

"பதினெட்டு."

"நான் போயிக் கேட்டா, நம்ம அப்பா எந்திரிச்சு வந்து அடிப்பாரு மயிலு."

"கேக்க வேணாம்ணே. நான் உன்னக் கேக்கச் சொல்லி வரல."

"பின்ன எதுக்கு வந்த?"

"தப்பு என்னுதுன்னு அங்கயும் போயிச் சொல்லப் போறேன். அத உங்கிட்டச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

முத்திருளன் தட்டை ஒதுக்கி, துண்டில் கையைத் துடைத்தார். பத்தடியை மனசுக்குள் தூக்கிப் பார்க்கிறவர்போல முகம் இருந்தது.

"நீ எதுக்குத் தனியாப் போற?" என்றார் கடைசியில். "நம்மகிட்டதான ஊசி இருக்கு? நம்ம ஊருப் பொண்ணுதான ஏத்துறவ? இருக்குறவன் எதுக்குக் கேக்கணும்? குடுத்துட்டு வருவோம்."

"எதக் குடுக்குறது?"

"பத்தடிய. சீரா."

மறுநாள் விடியுமுன் சங்குவலசை கிளம்பியது. டிராக்டரில் போகலாம் என்றவர்களை முத்திருளன் முறைத்தார். சீர் நடந்துதான் போகும். முன்னால் மேளம், பின்னால் வரிசையாகத் தாம்பாளங்கள். கருப்பட்டி, பனங்கிழங்கு, காய்ந்த சீலாக் கருவாடு, வேட்டி சேலை, வலம்புரிச் சங்கு ஒன்று. நடுத் தாம்பாளத்தில் பட்டுத்துணி மேல் ஒரே ஒரு தாள். சங்குவலசையின் சம்மதம், கீழே முத்திருளனின் கையெழுத்து. அதைத் தூக்கியது பூமயில். மேடில்லை, பள்ளமில்லை, இருபத்து நான்கு கிலோமீட்டரும் ஒரே தரை. நடக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் வழியெல்லாம் பச்சை தெரியவில்லை. கிழக்கே காய்ந்த வயல், மேற்கே போகப் போக அழுகிய வயல்.

வன்னியேந்தல் எல்லைக்கு வந்தபோது உச்சி வெயில் சாய்ந்திருந்தது. மேளச் சத்தம் கேட்டு ஊரே திரண்டிருந்தது. முன்னால் சாத்தையா.

"என்னங்க இது?"

"சீர்" என்றார் முத்திருளன்.

"யாருக்கு?"

"உங்க ஊருக்குத்தான். பத்தடி உசரம். வச்சுக்கங்க."

சாத்தையாவின் மீசை துடித்தது. "நாங்க கேக்கலையே."

"கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு சீரா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. சாத்தையா தாம்பாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கருவாட்டை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு பூமயிலிடம் திரும்பினார்.

"ஆத்தா, எங்கள நீ மேல தூக்கி வச்சா, எங்க தண்ணி எல்லாம் உங்களுக்கு வழிஞ்சு ஓடிரும். அதத்தான சீருன்னு குடுக்குற?"

"ஆமாய்யா" என்றாள் பூமயில். "உங்க பயிரு முழுகாது. எங்க பயிரு காயாது. முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு. நாந்தான் கெடுத்தேன்."

தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார் சாத்தையா. இரண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார்.

"சீரு வாங்குனா மறுசீரு உண்டுல்ல?" என்றார் முத்திருளனிடம். "ஐப்பசியில வரும். வாசலப் பெருக்கி வைங்க."

எழுபத்தாறு நாளில் வன்னியேந்தல் பத்தடி ஏறியது. அந்த எழுபத்தாறு நாளும் சங்குவலசைக்காரர்கள் வன்னியேந்தலின் உயரத்தைப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், புகுந்த வீட்டிலிருக்கும் பெண்ணை விசாரிக்கிற மாதிரி. "இன்னிக்கு ரெண்டு வெரலு ஏறிட்டாகளாம்ல!" நாங்கதான் ஏத்துறோம் என்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொள்ளாத ஆள் இல்லை. உலகத்தில் எந்த ஊராவது இன்னொரு ஊருக்கு உயரம் கொடுத்திருக்கிறதா? சொல்லுங்கள். கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஐப்பசியில் தண்ணீர் வந்தது. கால்வாயின் வளைவில் முதலில் நுரை தெரிந்தது. பிறகு சருகும் சுள்ளியும் முட்டித் தள்ளிக்கொண்டு, செம்மண் கலங்கிய தண்ணீர். அதன் தலைக்கு நேராகக் கரையில் செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருவர் நடந்து வந்தார். சாத்தையா. இருபத்து நான்கு கிலோமீட்டரும் தண்ணீரோடு கூடவே நடந்திருக்கிறார். தன் ஊர்ச் சீர் வழியில் நின்றுவிடக் கூடாதே என்று.

"உங்க சீரு ரொம்ப உசரம்யா" என்றார் முத்திருளனைப் பார்த்ததும். "சொந்த ஊருக்கு ஏறிப்போக மூச்சு வாங்குது."

"இன்னும் ரெண்டடி வேணும்னா சொல்லுங்க. ஏத்துறது நம்ம தங்கச்சிதான்" என்றார் முத்திருளன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சிரித்தார்கள். முத்திருளனின் கண் நிறைந்திருந்தது. காற்றில் தூசி என்றார்.

பூமயில் கண்மாய்க்குள் இறங்கி நின்றாள். வெடித்த பாளங்களுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கொறகொறவென்று கேட்டது. கணுக்கால் நனைந்தது. பிறந்ததிலிருந்து காத்திருந்த சத்தம் அது.

அப்போதுதான் ஹமீதா கரையிலிருந்து கூப்பிட்டாள். "மயிலக்கா, மேல வாங்க. ஆளுக நிக்கிறாக."

கரைமேல் ஒரு வரிசை நின்றிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள்.

நாலாவது ஊர்க்காரர்: தன் கண்மாயின் ஈசான மூலை ஒரு சாண் மேடு, தண்ணீர் ஏறவில்லை, சரி பண்ண வேண்டும். ஆறாவது ஊர்க்காரர்: பக்கத்து வயல் தன் வயலைவிட நாலு விரல் பள்ளம், வரப்பு தாண்டித் தண்ணீர் அங்கே போகிறது. மீன்கூடைப் பெண்கள் நாலு பேர்: எழுபது படி ஏறி முட்டி போயிற்று, கடலைத்தான் கொஞ்சம் மேலே கொண்டுவர முடியாதா?

"அந்த ஈசான மூல எப்ப இருந்துங்க மேடு?" என்று கேட்டாள் பூமயில்.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து."

"இத்தன நாளா யார்கிட்டச் சொன்னீங்க?"

"யார்கிட்டச் சொல்ல? பூமி அப்படி இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப நீங்கதான போட்டீக?"

ஹமீதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மலையும் கடலும் மேடு பள்ளம் போட்டப்ப அதுககிட்ட ஒருத்தரும் மனு குடுக்கல. நம்ம போட்டோம்ல, இனிமே ஒவ்வொரு சாணுக்கும் பதில் சொல்லணும்."

அது வெறும் வேடிக்கைப் பேச்சில்லை என்று பூமயிலுக்குத் தெரியும். கீழே தட்டு தள்ளுவதை நிறுத்தப் போவதில்லை. ஒரு முறை இளக்கிய கோட்டை அப்படியே விட்டுவிட்டால் மடிப்பு தனக்குத் தோன்றிய இடத்தில் எழும்பும். இனி எந்த வருஷமும் யாராவது ஒருத்தர் நிலையத்தில் உட்கார்ந்து, எந்த ஊர் மேடு, எந்த ஊர் பள்ளம் என்று முடிவுசெய்து கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவள் இருக்கும் வரை அவள். அதற்குப் பின்னும் ஒருத்தி. நிலத்தை வேலை வாங்கியதாக அவர்கள் நினைத்திருக்க, நிலம் அவர்களை நிரந்தர வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டது.

அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஆசையும் இருந்தது.

அவள் சேலையை இடுப்பில் செருகினாள். நாலாவது ஊர்க்காரரின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஆமாய்யா" என்றாள். "நான் போட்ட மேடுதான். வாங்க, போய்ப் பாப்போம்."